முதலை வந்துச்சாம்

போன வருஷம் அக்டோபரில் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல், மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தபோது, 'சென்னையில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்று ஒரு நியூஸ் கார்டு என் போனுக்கு வந்தது. கலெக்டர் உத்தரவு, சேனல் லோகோ, குடை பிடித்துப் போகும் பிள்ளைகள் படம், எல்லாம் கச்சிதம். நான் அதை அப்படியே ஏழாம் வகுப்புப் பெற்றோர் குழுவில் தட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பளீரென்று வெயில். பள்ளிக்கூடம் இருந்தது. 34 பேரில் 11 பேர் வரவில்லை. அந்தக் கார்டு பொய்கூட இல்லை என்பதுதான் வேடிக்கை. அது அதற்கு முந்தின வருஷத்து உண்மை. தேதி இருந்த கீழ்ப்பட்டையை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள்.

மானம் போகிற விஷயம் என்னவென்றால், அந்த வகுப்புக்கு நான் போவதே செய்தியைச் சரிபார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கத்தான்.

ஒரு தமிழ் நாளிதழில் பதினாறு வருஷம் துணை ஆசிரியராக இருந்தேன். டெஸ்க் வேலை. நிருபர்கள் அனுப்புவதை வெட்டி, ஒட்டி, தலைப்புப் போட்டு, பக்கம் முடித்து அனுப்புகிற ஆள். வேலையை விட்டபிறகு, பட்டினப்பாக்கம் பக்கம் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் தலைமை ஆசிரியை, புதன்கிழமை கடைசி இரண்டு பீரியட் தருகிறேன், பிள்ளைகளுக்குப் பத்திரிகை பற்றி ஏதாவது சொல்லிக்கொடுங்கள் என்றார். கடைசி இரண்டு பீரியட் என்றால் என்ன என்று டீச்சர் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் உடம்பால் மட்டும்தான் வகுப்பில் இருப்பார்கள்.

முதல் வாரம் நான் செய்தது மகா தப்பு. சரித்திரம் எடுத்தேன். 1882ல் ஜி. சுப்பிரமணிய ஐயர் சுதேசமித்திரன் தொடங்கியது, 1904ல் பாரதி அங்கே உதவி ஆசிரியராகச் சேர்ந்தது என்று போய்க்கொண்டிருந்தேன். இரண்டாவது வரிசையில் ஒரு பையன், "பாரதியாரு வேலைக்கெல்லாம் போனாரா மிஸ்?" என்று நிஜமாகவே அதிர்ச்சியாகக் கேட்டதைத் தவிர அந்த இரண்டு பீரியடில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அப்புறம் பொய்ச்செய்தி பிடிக்கிற விளையாட்டுக்கு வந்தேன். 'பீலாவா, நிஜமா?' என்று பெயரும் அவர்களே வைத்தார்கள். வகுப்பு விழித்துக்கொண்டது. பள்ளிக்கு யாரும் போன் கொண்டுவரக் கூடாது, அதனால் நானே வீட்டில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போவேன். 2016ல் புது 2,000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது என்று சொன்னார்களே, அது. 2015 வெள்ளத்தில், சென்னையில் 250 செ.மீ. மழை பெய்யும் என்று நாசா சொன்னதாக ஊரெல்லாம் சுற்றியதே, அது. ஏஐ செய்த படங்களையும் காட்டினேன். விரலை எண்ணு, ஆறு இருந்தால் பொய் என்று சொல்லிக்கொடுத்த ஆறே மாதத்தில் ஏஐ ஒழுங்காக ஐந்து விரல் போடக் கற்றுக்கொண்டது. இந்த மாதிரி குறுக்குவழிகளுக்கெல்லாம் ஆயுசு கம்மி, அவற்றைப் பாடமாக வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கிறது, அந்தப் பட்டியலில் நானும் இருந்திருக்கிறேன்.

நான்கு வாரத்தில் பிள்ளைகள் புலி ஆகிவிட்டார்கள். எதைக் காட்டினாலும் "பீலா மிஸ்!" என்று கூரை பறக்கும். எனக்கும் பெருமை.

அப்போதுதான் முதலை வந்தது.

இரண்டு செய்திகளைப் பலகையில் எழுதினேன். ஒன்று, 2015 டிசம்பர் வெள்ளத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் வந்தன. இரண்டு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பெருங்களத்தூர் பக்கம் ராத்திரியில் ஒரு முதலை சாலையைக் கடந்தது. கை தூக்கச் சொன்னேன். 34 பேரும், ஒருத்தர் பாக்கியில்லாமல், இரண்டும் பீலா என்றார்கள்.

முதலாவது பீலாதான். பண்ணையிலிருந்து ஒன்றும் தப்பவில்லை, அவர்களே மறுத்தார்கள். இரண்டாவது நிஜம். காரில் போனவர்கள் எடுத்த வீடியோ, பெருங்களத்தூர் நெடுங்குன்றம் பக்கம். வனத்துறைச் செயலராக இருந்த சுப்ரியா சாஹு அன்றைக்கே விளக்கம் சொன்னார்: சென்னையைச் சுற்றிச் சில நீர்நிலைகளில் சதுப்புநில முதலைகள் உண்டு, கூச்ச சுபாவம் உள்ளவை, வம்புக்குப் போகாவிட்டால் ஒன்றும் செய்யாது என்று. அந்தப் பக்கத்து ஏரிகளில் முதலை இருப்பது அங்கே குடியிருப்பவர்களுக்குப் பழைய செய்தி.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் நம்புகிற பிள்ளையும் எல்லாவற்றையும் பீலா என்கிற பிள்ளையும் ஒரே ஆள்தான், இரண்டு பேருமே விசாரிக்கவில்லை. நம்பாதே என்று சொல்லிக்கொடுக்க நான்கு வாரம் போதும். இது நிஜம் என்று ஒரு பிள்ளை தைரியமாகச் சொல்ல என்ன செய்யவேண்டும்? அதற்குத்தானே பத்திரிகைக்காரனுக்குச் சம்பளம்.

வழி கிடைத்தது தற்செயலாக. அடுத்த புதன், வகுப்புக்குள் நுழையும்போதே ஒரு பெண் ஓடிவந்து, "மிஸ், எட்டாவது அண்ணனுக்குக் கை ஒடஞ்சிடுச்சாம்" என்றாள். நான் அனிச்சையாக, "ஒடஞ்சிடுச்சா, ஒடஞ்சிடுச்சாமா?" என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "ஆம் தான் மிஸ், நான் பாக்கல" என்றாள்.

அடடா என்றிருந்தது. நம் பேச்சிலேயே இருக்கிறது இது. வந்தான் என்றால் நான் பார்த்தேன், அல்லது எனக்கு உறுதி. வந்தானாம் என்றால் யாரோ சொன்னார்கள், தப்பாக இருந்தால் என்னைப் பிடிக்காதே. 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்' என்று பாட்டி கதை தொடங்கும்போதே, அந்த ராஜாவைத் தான் பார்க்கவில்லை என்பதை ஒரே ஒரு 'ஆம்' போட்டு ஒப்புக்கொண்டுவிடுகிறார். சின்னப் பிள்ளைகள்கூட இதைச் சரியாகப் பேசுவார்கள். ஆனால் அதே செய்தி வாட்ஸ்அப்பில் ஏறும்போது முதலில் கழன்று விழுவது அந்த ஆம்தான். 'ஏரி உடைஞ்சிடுச்சாம்' என்று வாயால் சொன்னவர், டைப் அடிக்கும்போது 'ஏரி உடைந்தது' என்று போட்டுவிடுகிறார். கூடவே மூன்று ஆச்சரியக்குறி.

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் வேலை ஒன்றுதான். எந்தச் செய்தி வந்தாலும் முதலில் அதற்கு ஒரு ஆம் போட வேண்டும். முதலை வந்துச்சாம். லீவு விட்டாங்களாம். அப்புறம் அந்த ஆம் என்பதை எடுக்க என்ன தெரியவேண்டும் என்று எழுத வேண்டும். எடுக்க முடிந்தால் செய்தி. எடுக்க முடியவில்லையென்றால் அது அப்படியே இருக்கட்டும், வெட்கமில்லை. முதலைக்கு அவர்கள் எழுதிய பட்டியல்: வீடியோ எடுத்தவர் யார், எந்த ரோடு, எத்தனை மணி, பக்கத்தில் ஏரி இருக்கிறதா, முதலை பற்றித் தெரிந்த யாராவது ஒப்புக்கொண்டார்களா. பதினாறு வருஷம் வேலை பார்த்த நான் இதைவிட ஒன்றும் பெரிதாகக் கேட்டிருக்க மாட்டேன்.

இந்த இடத்தில் என் தொழில் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைத் தமிழில் ஆம் கிடையாது, அதற்குப் பதில் 'கூறப்படுகிறது', 'தெரிகிறது', 'சொல்லப்படுகிறது' என்று வைத்திருக்கிறோம். ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். வகுப்பில் ஒரு செய்தித்தாளைக் கொடுத்து, கூறப்படுகிறது வருகிற இடத்தையெல்லாம் வட்டம் போட்டு, யார் கூறினார் என்று ஓரத்தில் எழுதச் சொன்னேன். பாதி இடத்தில் ஓரம் காலி. "யாருமே கூறல மிஸ்" என்றான் ஒருவன். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எழுத வைக்கிற பாடத்தை வாசலிலேயே ஆண்டவன் அனுப்பினான். பள்ளிக்கு எதிரே ஒரு ஆட்டோ இளநீர் வண்டியில் இடித்துவிட்டது. யாருக்கும் அடியில்லை, ஆனால் இளநீர் ரோடெங்கும் உருண்டது. மொத்த வகுப்பும் ஜன்னலில். உள்ளே வரவைத்து, பேசாமல் ஆளுக்கொரு தாளில் எழுதச் சொன்னேன். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. எழுதி முடித்ததும் பலகையில் மூன்று கட்டம் போட்டேன்: நானே பார்த்தது, ஒருத்தர் சொன்னது, நானா நினைச்சது. தாளில் இருக்கிற ஒவ்வொரு வரியும் எந்தக் கட்டத்துக்குப் போகும்?

'ஆட்டோக்காரர் குடித்துவிட்டு ஓட்டினார்' என்று ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். எப்படித் தெரியும்? கண் சிவந்திருந்தது. கண் சிவந்திருந்தது முதல் கட்டம், குடித்திருந்தார் மூன்றாவது கட்டம். 'வேகமாக வந்து இடித்தார்'. வந்ததைப் பார்த்தாயா? இல்லை, சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். கடைசியில் இடித்ததை நேராகப் பார்த்தவர்கள் 34 பேரில் மூன்றே பேர் என்று தெரிந்தது. மற்ற 31 பேரும் உருளுகிற இளநீரைத்தான் பார்த்திருக்கிறார்கள், ஆனால் தாளில் எல்லாருமே நேரில் கண்ட சாட்சி. அந்த மூன்று பேரில் ஒருத்தி, இளநீர் வண்டிதான் திரும்பும்போது ஆட்டோவுக்குக் குறுக்கே வந்தது என்று எழுதியிருந்தாள். அது வேறு யார் தாளிலும் இல்லை. அவள் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை.

அதற்கப்புறம் சுவர்ப் பத்திரிகை தொடங்கினோம். மாதம் ஒரு சார்ட் பேப்பர், வராந்தாவில் ஒட்டுவது. படம் வரைய அடிதடி, எழுத ஆள் கிடையாது, எல்லாப் பத்திரிகை ஆபீஸும் போலத்தான். ஏப்ரல் தொடக்கத்து இதழ் பற்றி மட்டும் சொல்கிறேன். வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று. அது பற்றி எங்கள் நிருபர் குழு எழுதிய தலைப்பு: '61 நாள் யாரும் கடலுக்குப் போக முடியாது'. சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியாகிவிட்டது. கடைசி பெஞ்சில் ஒரு பையன், அந்த வருஷம் முழுக்க அவன் என்னிடம் பேசிய வார்த்தைகளை இரண்டு கையில் எண்ணிவிடலாம், எழுந்து நின்று, "எங்கப்பா போவாரு மிஸ்" என்றான்.

வகுப்பு சிரித்தது. அவன் உட்காரவில்லை. தடை விசைப்படகுக்குத்தான், காசிமேட்டில் நிற்கிற பெரிய படகுகளுக்கு. எங்கள் பக்கம் இருக்கிற ஃபைபர் படகுகள் கரையோரம் போய் வரலாம், அந்த இரண்டு மாதம்தான் எங்களுக்கு நல்ல விலை கிடைக்கும், அப்பா அந்தக் காசில்தான் வலை வாங்குவார். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னான். என் துணை ஆசிரியர் மூளை நான்கு வருஷமாவது இந்தச் செய்தியை டெஸ்க்கில் பார்த்திருக்கும், 'மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது' என்று மொட்டையாகத் தலைப்புப் போட்டு அனுப்பியிருக்கும். தலைப்பை அடித்துவிட்டு அதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டி அவனையே எழுத வைத்தோம். 'விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. நம்ம படகு போகும்'. 'நம்ம' வேண்டாமே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வீட்டில்தான் சிக்கல் வந்தது. ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலக்கிறார்கள் என்று ஒரு பெண்ணின் அப்பா குடும்பக் குழுவில் போட, இவள் எல்லார் முன்னாலும், "அப்பா, இது பொய்" என்று சொல்லிவிட்டாள். தலையில் நங்கென்று ஒரு கொட்டு. அடுத்த நாள் அம்மா பள்ளிக்கு வந்து, "பெரியவங்கள எதிர்த்துப் பேசக் கத்துக்குடுக்கிறீங்களா மிஸ்?" என்றார். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை, வகுப்பிலேயே கேட்டேன். அவர்கள் சொன்ன யோசனை என்னுடையதைவிட நல்லது: பொய் என்று சொல்லாதே, கேள்வி மட்டும் கேள். யார் அனுப்பினாங்கப்பா? அவங்க பாத்தாங்களா? எந்தக் கடையில?

அதோடு அரிசியையே வகுப்புக்குக் கொண்டுவந்தாள். தண்ணீரில் போட்டோம். சில அரிசி மிதந்தது. நிறமும் கொஞ்சம் மாற்றம்தான். ஆக அப்பா பார்த்தது நிஜம். அது செறிவூட்டப்பட்ட அரிசி, அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவத்தில் பிழிந்து, நூறு கிலோ சாதா அரிசிக்கு ஒரு கிலோ வீதம் கலப்பது. ரத்தசோகைக்காக. மிதந்தது முதல் கட்டம், பிளாஸ்டிக் மூன்றாவது கட்டம். அந்தப் பெண் வீட்டுக்குப் போய், "அப்பா, நீங்க சொன்னது சரிதான்பா, அது வேற மாதிரிதான் இருக்கு, ஏன் தெரியுமா?" என்று தொடங்கியிருக்கிறாள். கொட்டு விழவில்லையாம். (ஆம் போட்டிருக்கிறேன், கவனிக்கவும். நான் பார்க்கவில்லை.)

2018 பற்றிச் சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப நாள் தயங்கினேன். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வருஷம். சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் குலதெய்வம் கும்பிடப் போன குடும்பம், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக ஊர்க்காரர்களிடம் மாட்டி, அறுபது வயது தாண்டிய ஒரு அம்மா அடித்தே கொல்லப்பட்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இதை எந்தக் குரலில் சொல்வது? கடைசியில் சொன்னேன், சுருக்கமாக. அந்த நாட்களில் நாடு முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்று, பைக்கில் வந்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது, கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம் என்பதையும், குழந்தையைத் திருப்பிக் கொடுத்து அட்டை காட்டுகிற கடைசிப் பகுதியை வெட்டித்தான் அனுப்பினார்கள் என்பதையும் சொன்னேன். வகுப்பு சத்தமே இல்லாமல் இருந்தது. ஒருத்தி மட்டும், "வெட்டினவங்கள புடிச்சாங்களா மிஸ்?" என்றாள். ஃபார்வர்டு செய்வதை ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு என்று அந்த ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் குறைத்ததைச் சொன்னேன். அவள் கேட்டது அதை இல்லை என்று எனக்கும் தெரியும்.

கடலோரப் பிள்ளைகள் என்பதால் வீட்டுப் பெரியவர்களிடம் சுனாமி பற்றிப் பேட்டி எடுத்து வரச் சொன்னேன். டிசம்பர் 26, 2004 கதைகளைத்தான் எதிர்பார்த்தேன். ஒரு பாட்டி பேரனிடம் அதைவிட அதிகமாகப் பேசியது நான்கு நாள் கழித்து, 30ஆம் தேதி ஓடியதைப் பற்றி. மறுபடி அலை வரும் என்று டெல்லியிலிருந்தே எச்சரிக்கை வந்து, கடற்கரை முழுக்க ஜனங்கள் கைக்குழந்தையோடு ஓடினார்கள். அலை வரவில்லை. "கவர்மென்ட் சொன்னா நம்பலாம்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க?" என்றான் பேரன்.

சொன்னேன்தான். அதையும் திருத்த வேண்டியதாகிவிட்டது. யார் சொன்னார் என்பதோடு, அவருக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்க வேண்டும். அன்றைக்கு நம்மிடம் கடலைப் பார்த்துச் சொல்லக்கூடிய கருவி இல்லை. 2007 அக்டோபரிலிருந்து ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது, நிலநடுக்கப் பதிவும் ஆழ்கடலில் அழுத்தம் அளக்கிற கருவியும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறார்கள். அதே அரசாங்கம்தான், ஆனால் இப்போது எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் இருக்கிறது. பேரன் இதை எழுதிக்கொண்டான். அப்புறம், "தீர விசாரிப்பதே மெய்னு சொல்றாங்களே, தீரன்னா எவ்ளோ நேரம் மிஸ்? அலை வர்றதுக்குள்ள முடியுமா?" என்றான். நல்ல கேள்வி என்று சொல்லி மணி அடிக்கக் காத்திருந்தேன். இன்னும் பதில் சொல்லவில்லை. அவன் ஓடட்டும் என்றுதான் நினைக்கிறேன், அலை விஷயத்தில் மட்டும் முதலில் ஓடிவிட்டு அப்புறம் விசாரிக்கலாம்.

அந்த வகுப்பு இப்போது எட்டாவது. இந்த வருஷமும் மழை தொடங்கிவிட்டது. போன வாரம் ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு அம்மாவின் எண்ணிலிருந்து வாய்ஸ் மெசேஜ். அந்த ஆட்டோவை நேராகப் பார்த்த, வாயே திறக்காத பெண்.

"மிஸ், நாளைக்கு லீவாம். மூணு குரூப்ல கார்டு வந்திருக்கு. ஆனா தேதி இல்ல. கலெக்டர் பேஜ்லயும் ஒண்ணும் காணோம். அதனால ஹோம்வொர்க் எழுதிட்டிருக்கேன். நீங்க தயவு செஞ்சு இத எந்த குரூப்லயும் போட்டுடாதீங்க."